பிணம் கேட்கும் அறிவு: பிக்ஃபுட் தேடிகள் குறித்துச் சில குறிப்புகள்

“இல்லாத ஒரு மிருகத்தைப் பத்தி எதுக்குத் தோழர் இவ்வளவு படிக்கிறீங்க? ஊர்ல பிரச்சினையா இல்ல?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அன்றைக்கு ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். இக்கட்டுரையை அவருக்கான தாமதமான பதில் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த மிருகத்தின் பெயர் பிக்ஃபுட். பெருங்கால். வடக்குக் கலிபோர்னியாவிலிருந்து கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா வரை நீளும் ஊசியிலைக் காடுகளில், ஏழெட்டு அடி உயரமும் உடல் முழுக்க மயிருமாக, இரண்டு காலில் நடந்து திரிவதாகச் சொல்லப்படும் குரங்கு மனிதன். கனடாப் பக்கம் சாஸ்க்வாட்ச் என்பார்கள். இதைத் தேடுவதையே வாழ்க்கையாக்கிக்கொண்டவர்கள் அங்கே தலைமுறை கடந்தும் இருக்கிறார்கள். அவர்களை மறுப்பதை வேலையாகக் கொண்டவர்களும் கிட்டத்தட்ட அதே காலமாக இருக்கிறார்கள்.

முதலிலேயே என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ‘எல்லாமே கதையாடல்தான்’ என்று பேசித் தப்பிக்கப் பார்க்கிறான் என்ற பழி வரும். அப்படியொரு விலங்கு இல்லை. இத்தனை வருஷத் தேடலில் ஒரு எலும்பு கிடைக்கவில்லை, ஒரு பல் கிடைக்கவில்லை, லாரியில் அடிபட்டுச் செத்த ஒன்றுகூட இல்லை. 2014இல் ஆக்ஸ்ஃபோர்டின் மரபணுவியலாளர் பிரையன் சைக்ஸ், உலகின் பல பகுதிகளிலிருந்து வந்த ‘குரங்கு மனித’ மயிர்களில் 30 மாதிரிகளின் மரபணு முடிவை வெளியிட்டார். கரடி, குதிரை, மாடு, மான், முள்ளம்பன்றி என்று எல்லாமே தெரிந்த விலங்குகள். சுமத்ராவிலிருந்து வந்தது தபீரின் மயிர். ஒன்று மனித மயிராகவே இருந்தது. 2024இல் ஃப்ளோ ஃபாக்ஸன் என்பவர் விலங்கியல் இதழொன்றில் ஒரு கணக்கு வெளியிட்டார். கருங்கரடிகளின் எண்ணிக்கையில் ஆயிரம் கூடினால், பிக்ஃபுட்டைக் கண்டதாக வரும் தகவல்களும் சராசரியாக 4 விழுக்காடு கூடுகின்றன. பின்னங்காலில் எழுந்து நிற்கும் கரடியை மங்கிய வெளிச்சத்தில் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. கதை முடிந்தது.

முடிந்த இடத்தில்தான் எனக்கு வேலை தொடங்கியது.

நான் பகுத்தறிவுக் கூட்டங்களில் வளர்ந்தவன். கோவூரின் சவால்களை மனப்பாடமாகச் சொல்லித் திரிந்த வயது ஒன்று உண்டு. நம்புகிறவன் அந்தப் பக்கம், கேள்வி கேட்கிறவன் இந்தப் பக்கம். நம்புகிறவன் ஏமாளி அல்லது ஏமாற்றுக்காரன். இந்த எதிர்வைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பிக்ஃபுட் பிரதிகளுக்குள் நுழைந்தேன். முதல் சுற்றிலேயே அது கையை விட்டுப் போயிற்று. பிக்ஃபுட் தேடிகளைப் போன்ற சந்தேகப் பிராணிகளை நான் எந்தப் பகுத்தறிவு மேடையிலும் பார்த்ததில்லை. ரெனே டாஹிண்டன் என்றொருவர். சுவிட்சர்லாந்தில் பிறந்து 1953இல் கனடாவுக்கு வந்தவர். 2001இல் சாகும்வரை தேடினார். ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்று அவரே சொன்னார். ஆனால் சக தேடிகளின் சாட்சியங்களை அவர் கிழித்த கிழியை எந்த நாத்திகனும் கிழித்திருக்க முடியாது. 2008இல் ஜார்ஜியா மாநிலத்தில் இரண்டு பேர் பிக்ஃபுட்டின் பிணத்தை ஐஸ் பெட்டியில் வைத்திருப்பதாக அறிவித்தார்களே, அந்தக் கூத்தில் ஐஸை உருக்கிப் பார்த்து ‘இது ரப்பர்’ என்று கண்டுபிடித்தவர்களும் தேடிகளின் முகாமைச் சேர்ந்தவர்களே. பொய்யைக் கண்டுபிடிப்பது அவர்களின் நம்பிக்கைக்கு எதிரான செயல் அல்ல. அதுதான் அவர்களுடைய அன்றாட வழிபாடு. ஒவ்வொரு பொய்யும் விலக்கப்பட விலக்கப்பட, மீதியில் இருக்கும் மெய் இன்னும் பளிச்சென்று தெரிவதாக அவர்கள் உணர்கிறார்கள்.

இந்தக் கதையின் தொடக்கத்தையே எடுத்துக்கொள்வோம். 1958இல் வடக்குக் கலிபோர்னியாவின் ப்ளஃப் க்ரீக் பள்ளத்தாக்கில் மரம் வெட்டிக் கொண்டுபோகச் சாலை போடுகிறார்கள். புல்டோசர் ஓட்டும் ஜெர்ரி க்ரூ என்ற தொழிலாளி காலையில் வேலைக்கு வருகிறார். வண்டியைச் சுற்றி 16 அங்குல நீளத்தில் மனிதக் காலடி போன்ற தடங்கள். பிறகு அதைச் சாந்தில் வார்த்தெடுக்கிறார்கள். அக்டோபரில் ‘ஹம்போல்ட் டைம்ஸ்’ பத்திரிகையில் ஆண்ட்ரூ ஜென்ஸோலி அந்த வார்ப்போடு க்ரூ நிற்கும் படத்தைப் போடுகிறார். வேலையாட்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டிருந்த பிக்ஃபுட் என்ற பெயர் அமெரிக்கா முழுவதற்கும் போய்ச் சேர்கிறது. நாற்பத்து நான்கு வருஷம் கழித்து, 2002இல், அந்தச் சாலையின் ஒப்பந்தக்காரர் ரே வாலஸ் இறந்தபோது அவருடைய குடும்பத்தார் மரத்தில் செதுக்கிய ஒரு ஜோடிப் பெரும் பாதங்களை வெளியே எடுத்தார்கள். எல்லாம் அப்பாவின் விளையாட்டு என்றார்கள்.

மறுப்பாளர்கள் கொண்டாடினார்கள். தேடிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? அளவுகோலை எடுத்தார்கள். மரப் பாதத்தின் விரல் இடைவெளி, குதிகால் வளைவு எல்லாவற்றையும் பழைய வார்ப்புகளோடு ஒப்பிட்டு, பல தடங்களோடு இது பொருந்தவில்லை என்று வாதாடினார்கள். வாலஸ் ஒரு புளுகர் என்பது எங்களுக்கு எப்போதோ தெரியும் என்றும் சொன்னார்கள். அதுவும் உண்மைதான்.

அடுத்தது அந்தத் திரைப்படத் துண்டு. 1967 அக்டோபர் 20ஆம் தேதி, அதே ப்ளஃப் க்ரீக்கில், ரோஜர் பாட்டர்சனும் பாப் கிம்லினும் குதிரையில் போகும்போது எடுத்ததாகச் சொல்லும், ஒரு நிமிடத்துக்கு உட்பட்ட 16 மி.மீ. படம். ஓடைக்கரை மணலில் நடந்துபோகும் ஒரு உருவம் நடையை நிறுத்தாமலே திரும்பிப் பார்க்கிறது. பிக்ஃபுட் என்றதும் உலகம் முழுக்க நினைவுக்கு வருவது அந்தத் திரும்பலின் சட்டகம்தான். இந்த ஒரு நிமிடத்தின் மீது எழுதப்பட்ட உரைகள் நம் நூற்பாக்களுக்கு எழுதப்பட்ட உரைகளுக்குச் சளைத்தவை அல்ல. சுவையான சிக்கல் ஒன்று உண்டு. காமிரா எந்த வேகத்தில் ஓடியது என்பதைப் பாட்டர்சனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நொடிக்கு 24 சட்டகம் என்றால் அது சாதாரண மனித நடைக்குள் அடங்கிவிடுகிறது. 16 அல்லது 18 என்றால் சற்று விநோதமான நடையாகிறது. அது மனிதனா மிருகமா என்பது காமிராவின் ஒரு திருகாணியில் தொங்குகிறது. அந்தத் தோலுக்குள் நடந்தது நான்தான் என்று ஒருவர் சொன்னது 2004இல் புத்தகமாகவே வந்தது. அவர் சொன்னதையும் தேடிகள் அளந்துதான் பார்த்தார்கள். கை நீளம் பத்தவில்லையாம்.

ஜான் நேப்பியரை இங்கே குறிப்பிட வேண்டும். ஸ்மித்சோனியனில் பணியாற்றிய, குரங்கினங்களைப் பற்றிய ஆய்வில் மதிக்கப்பட்ட அறிஞர். 1972இல் வந்த தன் நூலில் பாட்டர்சன் படத்தை மோசடி என்றே அவர் மதிப்பிடுகிறார். அதே நூலின் முடிவில், வடமேற்கு அமெரிக்காவில் மனிதத் தடம் போன்ற தடத்தைப் பதிக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று தான் நம்புவதாகச் சொல்கிறார். நம்பிக்கையும் சந்தேகமும் ஒரே ஆளுக்குள், ஒரே புத்தகத்துக்குள் குடியிருக்கின்றன. இதை முரண்பாடு என்று கடந்துபோவது எளிது. நான் பார்ப்பது வேறு. படத்தை நிராகரித்ததும் தடத்தை ஏற்றதும் ஒரே அளவுகோலால்தான். தேடியும் மறுப்பாளனும் பேசுவது ஒரே மொழி. வார்ப்பு, மயிர், சட்டகம், அங்குலம். ஒரே நீதிமன்றத்தில் வாதியும் பிரதிவாதியுமாக நிற்கிறார்கள், தீர்ப்பு பற்றித்தான் சண்டை. அந்த நீதிமன்றத்தின் அதிகாரம் பற்றி இருவருக்குமே சந்தேகம் கிடையாது.

அந்த நீதிமன்றம் கடைசியில் கேட்பது ஒரு பிணத்தை. புது விலங்கினம் ஒன்றை விலங்கியல் ஏற்க வேண்டுமானால் மாதிரி உடல் வேண்டும். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உடல்சார் மானிடவியல் பேராசிரியராக இருந்த க்ரோவர் கிராண்ட்ஸ் இதை ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: ஒன்றையாவது சுட்டு வீழ்த்த வேண்டும், அப்போதுதான் நிரூபணம், அப்போதுதான் பாதுகாப்பும் கிடைக்கும். பிக்ஃபுட்டுக்காகக் கல்வி உலகின் ஏளனத்தையெல்லாம் தாங்கிய மனிதர் அவர். அவரை எளிதில் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் அந்த வாக்கியத்தின் தர்க்கத்தைக் கவனியுங்கள். நீ இருக்கிறாய் என்று நான் ஒப்புக்கொள்ள, நீ முதலில் சாக வேண்டும். வாஷிங்டனின் ஸ்கமேனியா வட்டாரம் 1969 ஏப்ரல் முதல் தேதி ஒரு சட்டம் போட்டது. சாஸ்க்வாட்சைக் கொன்றால் 10,000 டாலர் அபராதம், ஐந்தாண்டு வரை சிறை. முட்டாள்கள் தினத்தில் போட்ட விளம்பரச் சட்டம்தான், சிரிக்கலாம். கிராண்ட்ஸின் தர்க்கத்தைவிட இதில் கொஞ்சம் மனுஷத்தனம் இருக்கிறது என்றும் எனக்குப் படுகிறது. கிராண்ட்ஸ் 2002இல் இறந்தார். தன் உடலை ஆய்வுக்கு எழுதி வைத்திருந்தார். அவருடைய எலும்புக்கூடும் அவர் வளர்த்த நாயின் எலும்புக்கூடும் 2009இல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. தேடப்பட்டவனுடைய எலும்பு மட்டும் இன்னும் வரவில்லை.

சரி, யார் இந்தத் தேடிகள்? ஜோஷுவா ப்ளூ புஹ்ஸ் 2009இல் எழுதிய வரலாற்று நூலில் இதற்கு ஒரு வர்க்க விளக்கம் தருகிறார். பெரும்பாலும் வெள்ளை உழைக்கும் வர்க்க ஆண்கள். மரம் வெட்டுகிறவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள், வேட்டைக்குப் போகிறவர்கள். உடலுழைப்பின் மதிப்பு சரிந்து, எல்லாம் விளம்பரமும் நுகர்வுமாகிப் போன காலத்தில், காட்டை அறிந்தவன் என்ற தங்கள் பெருமிதத்தை இந்தத் தேடலின் வழியாக மீட்டுக்கொண்டார்கள் என்பது வாதம். இதில் எனக்கு உடன்பாடுண்டு. பேராசிரியர் ‘நீ பார்த்தது கரடி’ என்று சொல்லும்போது, ‘முப்பது வருஷமா இந்தக் காட்டுல கெடக்கேன், எனக்குக் கரடி தெரியாதா?’ என்று தொழிலாளி திருப்பிக் கேட்கிறான். இந்தக் கேள்வி பிக்ஃபுட் பற்றியதல்ல. யாருடைய கண் சாட்சியாகும் என்பது பற்றியது. மறுப்பு எழுத்துகளில் பல இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. ஏமாந்த ஜனங்கள் என்ற மேட்டிமைச் சிரிப்பு அவற்றின் வரிகளுக்கிடையே ஓடுகிறது. அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது. நானும் சிரித்திருக்கிறேன்.

ஆனால் வர்க்க விளக்கத்தோடு நின்றுவிட முடியாது. சாட்சி சொல்லும் உரிமைக்காகத் தொழிலாளி பேராசிரியரோடு மல்லுக்கட்டும் அந்தக் களத்தில், இருவரின் காலுக்கடியிலும் வேறு மக்களின் நிலம் இருக்கிறது. சாஸ்க்வாட்ச் என்ற சொல் எங்கிருந்து வந்தது? பிரிட்டிஷ் கொலம்பியாவில், செஹாலிஸ் என்று அன்று அழைக்கப்பட்ட பழங்குடி ஒதுக்கிடத்தில் ஆசிரியராக இருந்த ஜே.டபிள்யூ. பர்ன்ஸ், 1929இல் ‘மக்லீன்ஸ்’ இதழில் அந்த மக்களிடம் கேட்ட கதைகளைத் தொகுத்து எழுதினார். அவர்களுடைய ஹல்கொமேலம் மொழிச் சொல் ஒன்றைத் தன் நாவுக்கேற்ப வளைத்து அவர் உண்டாக்கிய வடிவம் அது. அந்தக் கதைகளில் வருபவர்கள் குரங்குகள் அல்ல. பேசத் தெரிந்த, மயிரடர்ந்த இராட்சத மனிதர்கள். கலிபோர்னியாவின் டூல் ரிவர் ஒதுக்கிடத்தில் யோகட்ஸ் மக்களின் பாறை ஓவியம் ஒன்றில் மயிர் மனிதன் குடும்பத்தோடு நிற்கிறான். மனிதர்களைப் படைத்த விலங்குகளின் சபையில் அவனும் ஒருவன் என்பது அவர்கள் கதை. படைக்கப்பட்ட மனிதர்கள் தன்னைக் கண்டு பயந்து ஓடியதால் அவன் அழுகிறானாம். குவக்குவகாவக்கு மக்களின் ட்ஸுனுக்வா குழந்தைகளைக் கூடையில் போட்டுத் தூக்கிப்போகும் காட்டுப் பெண். அவளே செல்வமும் கொடுப்பவள். இவர்கள் எல்லோரும் வேறு வேறு ஆட்கள். வேறு வேறு உறவுகள், கடன்கள், எச்சரிக்கைகள்.

தேடிகள் இந்தக் கதைகளையெல்லாம் அள்ளி ஒரே மூட்டையில் கட்டினார்கள். பேச்சைக் கழித்தார்கள், கூடையைக் கழித்தார்கள், கண்ணீரைக் கழித்தார்கள். மிஞ்சியது மயிரும் உயரமும். ‘பார்த்தீர்களா, பூர்வகுடிகளும் ஆதிகாலம் முதல் இந்த விலங்கைப் பார்த்திருக்கிறார்கள்’ என்று அதைச் சான்றாக வைத்தார்கள். மறுப்பாளர்களோ அதே மூட்டையை அவிழ்க்காமலேயே ‘புராணம்’ என்று முத்திரை குத்தித் தள்ளினார்கள். முதல் தரப்பு கதையை மோசமான விலங்கியலாக்குகிறது. இரண்டாம் தரப்பு மோசமான விலங்கியல் என்பதற்காகக் கதையை நிராகரிக்கிறது. உங்கள் கதையில் அவன் எதற்காக வருகிறான் என்று கேட்கும் பொறுமை இரண்டுக்கும் இல்லை. இன்று ஸ்டஹேலிஸ் என்ற தங்கள் சொந்தப் பெயரையே சூடிக்கொண்டுள்ள அந்தச் சமூகம், அவனைத் தன் சின்னத்தில் வைத்திருக்கிறது. பிணம் கேட்காமலே.

இதெல்லாம் வெறும் கதை விவகாரம் என்று நினைக்கிறவர்களுக்காக ஒரு வழக்கைச் சொல்கிறேன். ப்ளஃப் க்ரீக் இருக்கும் அதே சிக்ஸ் ரிவர்ஸ் அரசுக் காட்டுப் பகுதி. அதன் உயர்ந்த முகடுகள் யூரோக், கரூக், டோலோவா மக்களுக்குப் புனிதமானவை. தனித்துச் சென்று தவமிருக்கும், மருந்துக்கும் சடங்குக்கும் வலிமை வாங்கிவரும் இடம். காஸ்கே என்ற ஊரையும் ஓர்லீன்ஸ் என்ற ஊரையும் இணைக்கும் காட்டுச் சாலையை இரு முனைகளிலிருந்தும் போட்டுக்கொண்டு வந்த வனத்துறை, நடுவில் மிச்சமிருந்த ஆறு மைலை அந்த முகட்டின் வழியாகப் போட முடிவு செய்தது. அதே துறை ஏற்பாடு செய்த 1979 ஆய்வறிக்கையே ‘போடாதே, ஈடுசெய்ய முடியாத சேதம்’ என்றது. துறை கேட்கவில்லை. மக்கள் வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றங்களில் ஜெயித்தார்கள். 1988 ஏப்ரலில் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்று அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

இந்தத் தீர்ப்பைப் படித்தபோதுதான் நான் பிடித்து வைத்திருந்த எதிர்வு முழுசாகவே நொறுங்கியது. அங்கே யாரும் அந்த மக்களின் நம்பிக்கையைச் சந்தேகிக்கவில்லை. ‘நிரூபி’ என்று கேட்கவில்லை. நம்பிக்கை உண்மையானது என்று நீதிமன்றம் ஒப்புக்கொள்கிறது. சாலை வந்தால் அந்த வழிபாடு அநேகமாக அழிந்தேபோகும் என்று வைத்துக்கொண்டாலும், அதற்காக அரசைத் தடுக்க அரசியல் சட்டத்தில் இடமில்லை, ஏனென்றால் அது அரசின் நிலம் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு எழுதிய நீதிபதி சாண்ட்ரா டே ஓ’கானர் சொல்கிறார். நீதிபதி பிரென்னன் மறுத்து எழுதினார், பயனில்லை. நம்பிக்கையா சந்தேகமா என்று நாம் மேடை போட்டுப் பேசிக்கொண்டிருக்கிறோம். அதிகாரமோ ‘நம்பிக்கோ, எனக்கென்ன’ என்று சொல்லிவிட்டு ரோட்டைப் போடுகிறது.

எனக்கு என் ஊர் ஞாபகம் வந்தது. ஏரிக்கரைத் தோப்பில் முனி இருப்பதாகச் சொல்வார்கள். அமாவாசை ராத்திரியில் நாங்கள் ஏழெட்டுப் பேர் பாய் விரித்துப் படுத்து, விடிந்ததும் டீ குடித்துவிட்டு ஊர்வலமாக வந்தோம். “முனியாவது கினியாவது!” பெரிய வெற்றி. ஆறு மாதத்தில் தோப்பு போயிற்று. சாலை அகலப்படுத்தினார்கள். எங்களால்தான் போயிற்று என்று சொல்ல மாட்டேன், ஏலம் அதற்கு முன்பே முடிந்திருந்தது. நம்பிக்கைதான் காட்டைக் காக்கும் என்ற பசுமைக் கதையையும் நான் சொல்ல வரவில்லை. அந்த முனியின் பேரைச் சொல்லி யார் தோப்புக்குள் நுழையலாம், யார் நுழையக்கூடாது என்று ஊர் வைத்திருந்த சட்டம் எனக்கு மறக்கவில்லை. நாங்கள் போய்ப் படுத்தது அதற்காகவும்தான். உறுத்துவது வேறு. மரம் வெட்ட வந்தபோது கரையில் தனியாக நின்று சத்தம் போட்ட பாட்டி ஒருத்தி, அடிமரத்தைக் காட்டி “அவன் எங்கடா போவான்?” என்று கேட்டாள். நாங்கள் அங்கேதான் இருந்தோம். சிரித்தோம். அவள் முனியைப் பற்றி மட்டும்தான் கேட்கிறாள் என்று நினைத்தோம்.

கட்டுரையின் முதல் படியைப் படித்த நண்பர், “சரி, அந்த ஆறு மைல் ரோடு கடைசியில என்னாச்சு?” என்று கேட்டார். போடவில்லை. 1984இல் வந்த சட்டம் சுற்றியிருந்த காட்டைப் பாதுகாத்தது. சாலைக்கென்று ஒதுக்கி விட்டிருந்த துண்டையும் 1990இல் வந்த இன்னொரு சட்டம் சேர்த்துக்கொண்டது. இரண்டும் காட்டைக் காக்க என்று சொல்லி வந்தவை. நீதிமன்றத்தில் தோற்ற மக்கள் சட்டப்படி இன்றும் தோற்றவர்களே. பாட்டர்சன் படம் எடுத்த ஓடையைத் தேடி இப்போதும் ஆட்கள் போகிறார்கள். நம்புகிறவர்களும் நம்பாதவர்களும். கையில் அளவு நாடாவோடு.